பழைய சி.பி.ஆர். 250ஆரும் ஃபேக்டரி சர்வீஸ் மேனுவலும்: வீட்டிலேயே பராமரிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: 2013ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள். 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பு என்னென்ன சர்வீஸ் செய்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்த பழக்கம் ஓரளவு இருக்கிறது. மேனுவலை மட்டும் நம்பி வண்டியில் கை வைக்கலாமா, எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். இந்த வண்டிக்கு இப்போது தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்; நான்கே வால்வுகள்; ஒரே ஒரு பிளக். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் கை வைத்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கடினம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2011இல் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த மாடல், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததோடு விற்பனையிலிருந்து விலகிவிட்டது. இதைத் தினமும் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் போவார்கள். இந்த வண்டியை நன்கு அறிந்தவர் நீங்களாகவே இருப்பதுதான் இனி பாதுகாப்பு.

மேனுவலை எதற்காகப் பார்க்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எதை எப்படிக் கழற்றுவது என்று காட்ட வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. மேனுவலில் மட்டுமே கிடைப்பது அளவுகள். ஒரு பாகம் புதிதாக இருக்கும்போது எத்தனை மி.மீ., எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற மூன்றும் அதில்தான் இருக்கின்றன. குத்துமதிப்பாக வேலை செய்வதை விட்டுவிட்டு, அளந்து பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்துக்கு நீங்கள் வந்துவிட்டால் மேனுவல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்வேன்.

முதலில், உங்களிடம் இருப்பது சரியான மேனுவல்தானா என்று பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சி.பி.ஆர். 250 என்ற பெயரில் ஹோண்டா பல வண்டிகளைச் செய்திருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் விற்ற சி.பி.ஆர். 250ஆர் நான்கு சிலிண்டர் கொண்டது. அதன் குறியீடு எம்.சி. 17, அடுத்து எம்.சி. 19. 1990இல் வந்த சி.பி.ஆர். 250ஆர்ஆர், எம்.சி. 22. அதுவும் நான்கு சிலிண்டர்தான். உங்கள் வண்டி எம்.சி. 41. பின்னர் வந்த சி.பி.ஆர். 300ஆர் கிட்டத்தட்ட இதே எஞ்சின்தான் என்றாலும் 76 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்) அப்படியே இருக்க, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 55 மி.மீட்டரிலிருந்து 63 ஆக நீண்டுவிட்டது. இணையத்தில் தேடி இறக்கிக்கொண்ட கோப்பில் மேலே எந்தப் பெயர் இருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளே முதல் அத்தியாயத்தில் சேசிஸ் எண் வரிசையும் எந்தெந்த நாட்டு மாடல்களுக்குப் பொருந்தும் என்பதும் அட்டவணையாக இருக்கும். உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை அதோடு ஒப்பிட்ட பிறகுதான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளதா இல்லாததா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் அத்தியாயத்தில் இரண்டுக்கும் வேலை முறை வேறு.

அடுத்து, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பொதுத் தகவல் அத்தியாயத்தையும் பராமரிப்பு அத்தியாயத்தையும் முழுவதுமாக ஒருமுறை படித்துவிடுங்கள். மேனுவல் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது. "பெட்ரோல் டாங்கைக் கழற்றவும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இன்னொரு அத்தியாயத்தின் பக்க எண்ணைக் கொடுத்திருக்கும். அந்தப் பக்கத்துக்குப் போனால், அதற்கு முன் பக்கவாட்டு ஃபேரிங்கை, அதாவது பிளாஸ்டிக் மேலுறையைக் கழற்ற வேண்டும் என்று வேறொரு பக்கத்துக்கு அனுப்பும். வேலையின் நடுவில் கிரீஸ் கையோடு இப்படி அலைவது எரிச்சலூட்டும். ஒரு படி விட்டுப்போகவும் வாய்ப்பு அதிகம். முந்தைய நாள் இரவே அந்தச் சங்கிலியைக் கடைசி வரை தொடர்ந்து படித்து, வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேனுவலின் படங்களில் சிறு குறியீடுகள் இருக்கும். எஞ்சின் ஆயில் பூச வேண்டிய இடம், கிரீஸ் வைக்க வேண்டிய இடம், மரையில் லாக்கிங் திரவம் தடவ வேண்டிய இடம், திரும்பப் பூட்டும்போது கட்டாயம் புதியது போட வேண்டிய பாகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி. நான் பார்த்தவரை வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் புறக்கணிப்பது கடைசிக் குறியைத்தான். "பழைய வாஷர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று திரும்பவும் போட்டுவிடுகிறார்கள். அலுமினியம், செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பைத் தருகின்றன. இரண்டாவது முறை அதே அளவு நசுங்காது. ஆயில் கசிந்தால் உடனே மேலும் இறுக்கத் தோன்றும். மரை போவது அங்கே ஆரம்பிக்கிறது.

இறுக்கும் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருப்பது அது லேசாக நீள்வதால்தான். நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும் இழுப்பு இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. குறைவாக இறுக்கினால் அந்த இழுப்பு போதாமல் அதிர்வில் கழன்றுவிடும். அளவுக்கு மீறினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும், அல்லது அலுமினிய எஞ்சின் உறையில் உள்ள மரை சீவிக்கொண்டு வந்துவிடும். ஹோண்டா மேனுவலில் முக்கியமான போல்ட்களுக்குத் தனி அட்டவணையும், மற்றவற்றுக்கு ஒரு பொது அட்டவணையும் உண்டு. பொது அட்டவணைப்படி சாதாரண 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 22, 10 மி.மீ. போல்ட்டுக்கு 34. இங்கே மி.மீ. என்பது மரையின் விட்டம். ஸ்பேனர் அளவு அன்று. 6 மி.மீ. போல்ட்டின் தலைக்கு 8 அல்லது 10 ஸ்பேனர் பொருந்தும். 10 ஸ்பேனர் போட்டதால் 10 மி.மீ. போல்ட் என்று எண்ணி 34 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போல்ட் கையோடு வந்துவிடும்.

ஒவ்வோர் அளவும் மூன்று அலகுகளில் அச்சாகியிருக்கும்: நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், அடி பவுண்டு. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர். அதுவே அடி பவுண்டில் 18. உங்கள் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இரண்டு அளவுகோல்களும் இருந்து, கண் தவறி அடி பவுண்டில் 24 வைத்துவிட்டால் உண்மையில் 32 நியூட்டன் மீட்டருக்கும் மேல் போய்விடுகிறது. எஞ்சினின் அடிப்பகுதியில் உள்ள அலுமினிய மரைக்கு அது ஆபத்து. ரெஞ்சில் நீங்கள் பயன்படுத்தாத அளவுகோலின் மீது ஒரு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

அதோடு, மேனுவல் ஆயில் தடவு என்று சொல்லாத மரையில் ஆயில் தடவாதீர்கள். உராய்வு குறைந்தால் அதே எண்ணிலேயே போல்ட் கூடுதலாக நீள்கிறது. தடவச் சொன்ன இடத்தில் தடவாமல் விடுவதும் அதே அளவு தவறு.

ஒரே டார்க் ரெஞ்ச் போதாது. எஞ்சின் மூடிகளுக்கு 10, 12 நியூட்டன் மீட்டர் தேவை. பின் சக்கர ஆக்சில் நட்டுக்கு 88. பெரிய ரெஞ்சின் அடிமட்ட அளவுகளை நம்ப முடியாது. 5 முதல் 25 வரை அளக்கும் சிறியது ஒன்று, 20 முதல் 100க்கு மேல் வரை அளக்கும் பெரியது ஒன்று என இரண்டு வாங்குங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம். ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய உலோக இதழ்கள்) ஒரு செட், வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த பேடாக் ஸ்டாண்டு ஆகியவையும் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில் தரத்தில் செய்யப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுவதும் உட்காராது. திருப்பும்போது மேலே ஏறி வந்து தலையைச் சுரண்டிவிடும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூக்கள் பல வண்டிகளில் சிதைந்து கிடப்பதற்கு இதுவே காரணம். ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூடிரைவர் ஒன்று இரண்டு வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். சர்வீஸ் குறிப்பு இல்லாத வண்டி என்பதால், எல்லாமே செய்யப்படவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் வேலை ஆயில். வடித்து மாற்றினால் 1.4 லிட்டர், ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் 1.5 லிட்டர், எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டினால் 1.8 லிட்டர் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவதைப் பார்த்து ஊற்றிவிடாதீர்கள். 10டபிள்யூ-30, ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. தரம் என்று போட்டிருக்க வேண்டும். கிளட்ச் இதே ஆயிலில் நனைந்து ஓடுவதால் காருக்கான ஆயில் ஒத்து வராது. கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

இந்த எளிய வேலையிலேயே மேனுவல் ஏன் வேண்டும் என்பதைக் காட்டும் இடம் ஃபில்டர். வலப்பக்க எஞ்சின் மூடியில் வட்டமான சிறு உறையைக் கழற்றினால் உள்ளே காகித ஃபில்டர், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஃபில்டரின் ஒரு முகத்தில் "அவுட்சைடு" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த முகம் வெளிப்பக்கம், அதாவது உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் ஃபில்டர் உள்ளே போய்விடும், உறையும் மூடிக்கொள்ளும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஆனால் ஆயில் போகும் வழி அடைபட்டு, கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பேரிங்குகளும் காய்ந்து ஓடும். எஞ்சினே போய்விடக்கூடிய இந்தத் தவற்றைத் தடுப்பது மேனுவலின் ஒற்றை வரி. உறையின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதில் எஞ்சின் ஆயில் தடவி, போல்ட்களைப் பொது அட்டவணைப்படி இறுக்குங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து வண்டியை நேராக நிறுத்தி அளவு பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இது எண்ணெய் ஊறிய காகித வகை. கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. அழுக்கானால் மாற்றுவது மட்டும்தான் வழி. பிளக் எஸ்.ஐ.எம்.ஆர்.8ஏ9 என்ற இரிடியம் வகை. இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ. அதன் நடு முனை ஊசி போல மெல்லியது. தட்டையான ஃபீலர் கேஜை அதில் செருகாதீர்கள். கம்பி வகை கேஜால் மட்டும் பாருங்கள். 1.0 மி.மீ. கம்பி உள்ளே போனால் பிளக்கை மாற்ற வேண்டும். தட்டி இடைவெளியைச் சரிசெய்யும் பழைய வழக்கம் இதற்குப் பொருந்தாது.

செயினுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, செயினின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்தாமல் சக்கரத்தை உருட்டி உருட்டி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 40 என்று வந்தால் செயின் சீராகத் தேயவில்லை. செட்டாக மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதில் உள்ளது 520 அளவு, முன்னே 14 பல், பின்னே 38 பல். மிகையாக இறுக்கிய செயின் தொங்கும் செயினைவிடக் கெடுதல். ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் இறங்கும்போது அது கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்து வதைக்கும். ஓ-ரிங் உள்ள செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது.

பிரேக்கில் உங்கள் உயிர் இருக்கிறது. எனவே இங்கே மேனுவல் சொல்வதில் ஒரு வரியைக்கூட விடாதீர்கள். பேடுகளில் தேய்மானக் கோடு இருக்கும். டிஸ்க்கின் மீதே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும்; வெர்னியரின் வாய் டிஸ்க்கின் விளிம்பில் உள்ள தேயாத மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் தவறான அளவு காட்டும் என்பதால், மைக்ரோமீட்டர் கிடைத்தால் பேடு உரசும் பகுதியில் பல இடங்களில் அளந்து, அவற்றில் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள். பிரேக் ஆயில் டாட் 4. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இந்தக் காலக்கெடுவைத் தள்ளிப்போடக் கூடாது. ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டுக்கு 34 நியூட்டன் மீட்டர், இருபுறமும் புதிய வாஷர். காலிப்பரை ஃபோர்க்கில் பிடிக்கும் போல்ட்களுக்கு 30. அவற்றையும் கழற்றினால் புதிதாக மாற்றச் சொல்கிறது மேனுவல்.

உங்களுடையது சி-ஏ.பி.எஸ். (முன், பின் பிரேக்குகள் இணைந்த ஏ.பி.எஸ்.) மாடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் முன் காலிப்பருக்கு மூன்று பிஸ்டன்கள். பின் பிரேக் பெடலை மிதிக்கும்போது பின் சக்கரத்தோடு, முன் காலிப்பரின் நடுப் பிஸ்டனும் சேர்ந்து வேலை செய்யும். ஆகவே முன் காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் இரண்டு; ஒன்று லீவருக்கு, மற்றது பெடலுக்கு. ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்துச் செய்தால் பெடலின் குழாயில் காற்று தங்கிவிடும். மேனுவல் சொன்ன வரிசைதான் வரிசை.

இப்போது டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற சிறு கைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 31,000 கி.மீ. ஓடிய பழைய வண்டிகளில் ஆயில் மாற்றியிருப்பார்கள், செயின் மாற்றியிருப்பார்கள். டேப்பெட்டை அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சத்தம் வந்தால்தானே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இந்த வகை எஞ்சின்களில் ஓட ஓட வால்வு தன் இருக்கையில் பதிந்துகொண்டே போகும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். எஞ்சின் இனிமையாக ஓடுவதுபோல் தோன்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வு முழுவதும் மூடாமல், சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் கருகத் தொடங்கியிருக்கும். எனவே சத்தத்தை வைத்து முடிவுசெய்ய வழியே இல்லை.

இன்டேக் 0.16 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.27 மி.மீ.; இரண்டுக்கும் கூடவோ குறையவோ 0.03 வரை அனுமதி. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், அதாவது 35 டிகிரிக்குக் கீழே என்கிறது மேனுவல். சென்னையிலோ வேலூரிலோ சித்திரை மாதப் பிற்பகலில் நிழலில் நிற்கும் எஞ்சினே அதைத் தாண்டிவிடும். இரவு முழுவதும் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு விடியற்காலையில் அளப்பதுதான் சரி.

ஃபேரிங், டாங்க் எல்லாம் இறக்கியபின் சிலிண்டர் ஹெட் மூடியைக் கழற்றுகிறீர்கள். பெட்ரோல் குழாயைப் பிடுங்குவதற்கு முன் மேனுவலில் உள்ள அழுத்தம் இறக்கும் முறையைச் செய்தாக வேண்டும்: பம்ப்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுவிடும். இதை முந்தைய நாளே முடித்துவிட்டால் காலையில் எஞ்சினைச் சூடாக்க வேண்டியிருக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்கை (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) திருப்பி, ஃப்ளைவீலில் உள்ள "டி" குறியை உறையில் உள்ள வெட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அப்போது கேம் ஸ்ப்ராக்கெட்டுகளின் கோடுகள் ஹெட்டின் மேல் விளிம்போடு சமமாக, மேனுவல் படத்தில் உள்ளபடி நிற்க வேண்டும். கோடுகள் வேறு பக்கம் பார்த்து நின்றால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு வால்வுகளின் ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்க வேண்டும்.

ஃபீலர் கேஜின் இதழை ராக்கருக்கும் ஷிம்முக்கும் (வால்வின் தலையில் உட்காரும் சிறு உலோகத் துண்டு; இதன் தடிமனை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்கிறோம்) நடுவே விடுகிறீர்கள். இதழ் சிறு பிடிமானத்தோடு, மெல்ல இழுத்தால் வருவதுபோல் இருக்க வேண்டும். ஒரு இதழ் போகிறது, அடுத்த தடிமன் போகவில்லை என்ற நிலை வரை பாருங்கள். அளவை உடனே எழுதுங்கள். நான்கு வால்வையும் அளந்தபின், கிராங்கை இரண்டு சுற்று சுற்றி மறுபடியும் முதலிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இந்த எஞ்சினில் ஹோண்டா செய்த நல்ல வேலை ஒன்று இருக்கிறது. இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்ட ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களில் வழக்கமாக ஷிம் மாற்ற கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும். டைமிங் செயினை இறக்கி, திரும்பப் பல் மாறாமல் ஏற்ற வேண்டும். புதிதாகக் கற்பவர் பயப்படும் இடம் அது. இதில் உருளை வைத்த ராக்கர்களும் அவற்றின் கீழே ஷிம்மும் இருப்பதால், கேம்ஷாஃப்ட் தன் இடத்திலேயே இருக்க, ஷிம்மை மாற்றிவிட முடியும். எடுப்பதற்கு முன் செயின் இறங்கும் குழியையும் பிளக் துளையையும் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அரிசி வடகத்தைப் போலச் சின்னதாக இருக்கும் அந்த ஷிம் குழிக்குள் விழுந்தால் கிராங்க் அறை வரை போய்விடும். காந்த முனைக் குச்சியால் எடுப்பது நல்லது.

கணக்கு மேனுவலிலேயே இருக்கிறது: அளந்த இடைவெளியிலிருந்து இருக்க வேண்டிய இடைவெளியைக் கழித்து, பழைய ஷிம்மின் தடிமனைக் கூட்டினால் புதிய ஷிம்மின் தடிமன் வரும். ஒரு எடுத்துக்காட்டு. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் 0.21 மி.மீ. அளந்தீர்கள். இருக்க வேண்டியது 0.27. எடுத்த ஷிம்மில் 188 என்று பொறித்திருக்கிறது, அதற்கு 1.875 மி.மீ. என்று பொருள். 0.21இல் 0.27 போக, குறைவு 0.06. 1.875இல் அதைக் கழித்தால் 1.815. ஷிம்கள் 0.025 மி.மீ. இடைவெளியில்தான் கிடைக்கும். எனவே 1.825 அல்லது 1.800. முதலாவதைப் போட்டால் இடைவெளி 0.26 ஆகும், இரண்டாவதில் 0.285. இரண்டுமே அனுமதிக்குள் இருக்கின்றன. எண்ணளவில் முதலாவது இலக்குக்கு நெருக்கம். ஆனாலும் நான் 1.800ஐத்தான் போடுவேன். எக்ஸாஸ்ட் இடைவெளி போகப் போகக் குறையும் என்பதால், மேல் எல்லையை ஒட்டி வைத்தால் அடுத்த சோதனை வரை தாங்கும். ஷிம்மில் உள்ள எண் தேய்ந்து தெரியாவிட்டால் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். மாற்றியபின் கிராங்கைப் பலமுறை கையால் சுற்றி மீண்டும் அளக்காமல் மூடியைப் பூட்டாதீர்கள்.

மின்சாரப் பக்கம் மேனுவல் தரும் உதவி இன்னும் பெரியது. ஆனால் பலர் அந்த அத்தியாயத்தைத் திறப்பதே இல்லை. மீட்டரில் எஞ்சின் விளக்கு மினுக்கினால் எண்ணிப் பாருங்கள். நீண்ட மினுக்கல் ஒன்றுக்குப் பத்து, குறுகியதற்கு ஒன்று. ஏழு குறுகியவை என்றால் கூலன்ட் வெப்ப சென்சார்; எட்டு என்றால் த்ராட்டில் சென்சார்; ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும் சேர்ந்தால் 12, அதாவது இன்ஜெக்டர். குறியீடு வந்ததும் அந்தப் பாகத்தை வாங்க ஓட வேண்டாம். மேனுவலின் சோதனை வரிசையில் முதல் படி எப்போதும் கனெக்டர்தான்: தளர்ந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். மழைக்காலம் முடிந்து வரும் கோளாறுகளில் பல அந்தப் படியிலேயே தீர்ந்துவிடுகின்றன. எர்த் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஹோண்டாவில் பச்சைக் கம்பி எர்த். வேறு பல ஜப்பானிய வண்டிகளில் அது கறுப்பு அல்லது கறுப்பில் வேறு நிறக் கோடு.

பேட்டரி 12 வோல்ட், 6 ஆம்பியர் ஹவர். முழுச் சார்ஜில் 13 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சினை ஓட்டி, ஹை பீம் போட்டு, மேனுவல் சொல்லும் சுற்றில் அளக்கும்போது, பேட்டரியின் நின்ற நிலை வோல்ட்டேஜைவிட அதிகமாகவும் 15.5க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. இதை அளக்காமலேயே ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எதைத் தொடக் கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். மேனுவலில் ஹோண்டாவின் தனிக்கருவி எண் போட்டிருக்கும் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். சக்கர பேரிங், ஃபோர்க் ஆயில் சீல் போன்றவற்றுக்கு ஏற்ற அளவுள்ள குழாயோ சாக்கெட்டோ கொண்டு சமாளிக்கலாம். அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் முதல் முறை செய்து பார்க்கலாம். ஸ்டியரிங் பேரிங் சற்றுக் கடினம். அதை எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்பதை ஃபோர்க் குழாயில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, ஹேண்டில் அசையத் தொடங்கும் விசையைப் பார்த்து முடிவுசெய்யச் சொல்கிறது மேனுவல். பட்டறைகளில் கையால் ஆட்டிப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். வெளியே கொடுத்தாலும் இந்தச் சோதனையை நீங்கள் கேட்டு வாங்குங்கள். கிராங்க் அறையைப் பிரிப்பது, வால்வு இருக்கையைச் சீவுவது, ஏ.பி.எஸ். மாடுலேட்டரை (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) திறப்பது ஆகிய மூன்றையும் வீட்டில் செய்ய வேண்டாம். மாடுலேட்டரைத் திறக்கவே கூடாது.

பாகங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் ஃபேரிங் துண்டுகள், லீவர், ஃபுட்ரெஸ்ட் போன்றவற்றைப் பழையதாகத் தேடலாம். ஷிம், சீல், வாஷர், பிரேக் பேடு, ஆயில் ஃபில்டர் ஆகியவற்றை மட்டும் கம்பெனியின் பாக எண் சொல்லி அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குங்கள். பாக எண் சர்வீஸ் மேனுவலில் இருக்காது. அதற்குத் தனியாகப் பாகப் பட்டியல் ஒன்று உண்டு, அதையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே தொடங்குவதாக இருந்தால், ஆயில், ஃபில்டர், ஃபில்டர் உறையின் ஓ-ரிங், வடிக்கும் போல்ட்டின் வாஷர், ஹெட் மூடியின் கேஸ்கெட், பிளக், ஏர் ஃபில்டர், டாட் 4 பிரேக் ஆயில் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். ஷிம்மை இப்போதே வாங்க வேண்டாம். அளந்தபின்தான் எந்த எண் என்று தெரியும். கடையில் அது வரவழைக்கச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், தினமும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் இடையில் போக்குவரத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டு ஹெட் மூடியைக் கழற்றுங்கள். அளந்த நான்கு எண்களையும், ஷிம் எண்களையும், அன்றைய கிலோமீட்டரையும் மேனுவலின் வால்வு பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது எந்த வால்வு எவ்வளவு வேகமாகப் பதிகிறது என்பது அந்த இரண்டு வரிகளை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.